புதன்கிழமை ராகு காலம்: எச்.ஐ.வி.யும் என் மூளையும்

சிவகாசியில் நாட்காட்டி அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். தினசரித் தாள் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் செய்திகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்படி ஓர் ஆண்டுக்கு 365 தாள்கள். ஆடிப் பெருக்கன்று புதிய காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் வைகாசியும் ஆனியும் எங்களுக்கு இரவு பகல் தெரியாத மாதங்கள். 2013-ஆம் ஆண்டு ஆனியில், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துப் புதன்கிழமைத் தாள் ஒன்றில் ராகு காலம் 1.30 முதல் 3 வரை என்று இருந்ததைப் பார்த்து, ஓரத்தில் சரிக்குறி போட்டு, கையெழுத்தும் இட்டுக் கொடுத்துவிட்டேன். புதனுக்கு 12 முதல் 1.30 என்பதும், 1.30 முதல் 3 வியாழனுக்கு உரியது என்பதும் இந்த ஊரில் தாள் அடுக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கு அது இருபது ஆண்டுகளாக மனப்பாடம்.

தாள்கள் அச்சாகி வந்த பிறகுதான் பிழை தெரிந்தது. முதலாளி அண்ணாச்சி சத்தம் போடவில்லை. தாளை என் மேசையில் வைத்து, "வாத்தியாரே, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் "தூக்கம் பத்தலை அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன். எனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 2009 முதலே எனக்குத் தெரியும்.

எப்படித் தொற்றியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதைத் துருவிக் கேட்காமல் மருத்துவம் பார்த்தவர்களால்தான் நான் இன்று மறுபடியும் மெய்ப்புப் பார்க்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் முடிவைச் சொன்னபோது, நோயை எதிர்க்கும் சி.டி.4 வெள்ளையணுக்களின் எண்ணிக்கை அன்றைய வரம்புக்கு மேலே இருந்ததால் உடனே மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் மருந்து தொடங்க வேண்டும் என்ற நடைமுறை இந்தியாவில் 2017-இல்தான் வந்தது. நான் இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை, ஊர்க்காரர் ஒருவர் அதே வரிசையில் நிற்பதைக் கண்டு திரும்பி வந்தவன், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் மிக அதிக விலை கொடுத்த பிழை ராகு காலம் அன்று, இதுதான்.

அந்த ராகு காலப் பிழைக்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. அவற்றை அறிகுறிகள் என்று நான் படிக்கவில்லை. ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குக் கண் தாவும்போது, படித்து முடித்த வரிக்கே திரும்பி வந்து நிற்பேன். சட்டைப் பொத்தானை மாட்ட நேரம் ஆகும். மனைவி ஏதாவது கேட்டால் பதில் உள்ளே இருக்கும். வாய்க்கு வந்து சேர ஒரு கணம் பிந்தும். யார் மீதும் கோபமில்லாமல், எதன் மீதும் ஆசையில்லாமல், திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருப்பேன். "உங்களுக்கு என் மேல என்னங்க வருத்தம்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். வருத்தம் இல்லை, சோம்பலும் இல்லை, மூளைக்குள் ஒரு நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை. மறதி என்றால் நமக்குப் பெயர் மறப்பதும் வழி தவறுவதும்தான் நினைவுக்கு வரும். எச்.ஐ.வி. மூளையைத் தொடும்போது பெரும்பாலும் முதலில் போவது வேகம்.

அண்ணாச்சி கேட்ட மறுவாரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள் தானே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லை என்ற சீட்டோடு வந்து, "கிளம்புங்க, மதுரைக்குப் போவோம்" என்றாள். என் சி.டி.4 எண்ணிக்கை 88-க்குச் சரிந்திருந்தது.

நரம்பியல் மருத்துவர் அம்மா செய்த சோதனையைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை, எந்த மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். முதலில் நான்கு சொற்களைச் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. பிறகு, பழக்கமில்லாத கையாகிய இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐந்து வினாடிகள் தட்டச் சொன்னார். பதினைந்து தட்டினால் முழு மதிப்பெண் நான்கு. நான் ஒன்பது தட்டி இரண்டு வாங்கினேன். அடுத்து, கையை மேசைமேல் முஷ்டியாக வைத்து, பிறகு உள்ளங்கை படிய விரித்து, பிறகு சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும். பத்து வினாடிகளில் இந்த வரிசையை நான்கு முறை செய்ய வேண்டும். என் கை மூன்றாம் சுற்றில் முஷ்டிக்கு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றது; முடித்த இரண்டு சுற்றுக்கு இரண்டு மதிப்பெண். கடைசியில் அந்த நான்கு சொற்கள். நாய் வந்தது, சிவப்பு வந்தது. "உடுத்துவது" என்று குறிப்புக் கொடுத்த பின் தொப்பி வந்தது, அதற்கு அரை மதிப்பெண். அவரை வரவே இல்லை. பன்னிரண்டுக்கு ஆறரை. பத்தோ அதற்குக் கீழோ வந்தால் மேற்கொண்டு விரிவாகச் சோதிக்க வேண்டும் என்பது 2005-இல் வெளியான இந்த அளவுகோலின் கணக்கு.

ஆறரை வந்ததாலேயே நோய் உறுதியாகிவிடாது என்பதையும் அவரே சொன்னார். காசநோயோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ மூளைச் சவ்வில் இருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தைராய்டு, பி12, மேகநோய்ப் பரிசோதனை, மனச்சோர்வு, மதுப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் சோதித்தும் கழித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு பி12 குறைவாக இருந்தது. அதற்குத் தனியாக ஊசி போட்டார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் இருபுறமும் மங்கலான படலம் தெரிந்தது. இந்தக் கழித்தல் வேலையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது, ஏனென்றால் எளிதில் சரியாகக் கூடிய காரணம் ஒன்று எச்.ஐ.வி.யின் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

"வைரஸ் என் நரம்பு செல்லைத் தின்கிறதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்த நோயைப் பற்றி நான் தொடர்ந்து படிப்பதற்குக் காரணம். நரம்பு செல்லை வைரஸ் தொடுவதே இல்லை என்றார்.

எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அந்தச் செல்லின் மேற்பரப்பில் சி.டி.4 என்ற ஏற்பியும் (வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதம்), துணைக்கு சி.சி.ஆர்.5 போன்ற இன்னொன்றும் இருக்க வேண்டும். நரம்பு செல்லில் சி.டி.4 கிடையாது. மூளையில் அதைச் சுமந்துகொண்டிருப்பவை, மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோக்ளியாவும், ரத்தக் குழாய்களை ஒட்டி வாழும் பெருவிழுங்கி செல்களும்தான். மைக்ரோக்ளியாவைத் தனி இனமாக இனங்கண்டு 1919-இல் எழுதியவர் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஓர்டேகா. இவை ரத்தத்திலிருந்து பிறந்து வருபவை அல்ல. கரு உருவான முதல் வாரங்களில் மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி மூளையில் குடியேறி, அங்கேயே பெருகி, அங்கேயே முதுமை அடைபவை. மனித மூளையில் ஒரு மைக்ரோக்ளியா சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது என்றும், சில இருபது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கின்றன என்றும் 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வைரஸுக்கு இதைவிட நல்ல குடியிருப்பு வாய்க்குமா?

உடலுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் ரத்த-மூளைத் தடுப்பை வைரஸ் தனியாக உடைத்துக்கொண்டு வருவதைவிட, தொற்றிய வெள்ளையணுக்களின் வயிற்றில் ஏறி வருவதே வழக்கம். அந்தப் பயணத்துக்கு ஆண்டுகள் ஆவதில்லை. தாய்லாந்தில் தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களிலேயே கண்டறியப்பட்டவர்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றியதாகக் கணித்த எட்டாம் நாளிலேயே மூளைத் தண்டுவட நீரில் வைரஸ் காணப்பட்டது. அப்படியானால் 2009-இல் என் கையில் முடிவுச் சீட்டைக் கொடுக்கும் முன்பே அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்த பின் நடப்பதுதான் விசித்திரம். தொற்றிய மைக்ரோக்ளியா சாவதில்லை, கலவரம் அடைகிறது. வைரஸின் உறைப் புரதமான ஜி.பி.120, உள்ளே உருவாகும் டாட் புரதம் ஆகியவற்றை வெளியே கசிய விடுகிறது. கூடவே டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுகிறது. அவை தொற்றாத பக்கத்து மைக்ரோக்ளியாவையும் தூண்டிவிடுகின்றன. ஆகவே நோயின் கடுமை எத்தனை செல்களில் வைரஸ் இருக்கிறது என்பதைவிட, எத்தனை செல்கள் கலவரத்தில் இருக்கின்றன என்பதையே அதிகம் பொறுத்தது. இறந்தோரின் மூளையை ஆராய்ந்தவர்களும் இதையேதான் கண்டார்கள்.

இந்தக் கசிவில் குளூட்டமேட்டும் இருக்கிறது. குளூட்டமேட் விஷம் அன்று. ஒரு நரம்பு செல் அடுத்ததோடு பேசும் மொழியே அதுதான். பேசி முடித்தவுடன் அதைத் துடைத்து எடுக்கும் வேலை ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லினுடையது. அழற்சியில் அந்தத் துடைப்பு மந்தமாகிறது. இன்னொரு பக்கம் காவல் செல்கள் மேலும் குளூட்டமேட்டை ஊற்றுகின்றன. சாப்பாட்டில் வரும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அவை உண்டாக்கும் குவினோலினிக் அமிலமும், குளூட்டமேட் திறக்கும் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் திறக்கிறது. மூட வேண்டிய கதவு மூடாமல் நிற்க, கால்சியம் நரம்பு செல்லுக்குள் வெள்ளமாகப் புகுகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது. நரம்பு செல்லின் கிளைகள் சுருங்கி, மற்ற செல்களோடு கைகோத்திருந்த இணைப்புகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நரம்பு செல் சாவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, உயிரோடு இருந்தும் தொடர்பு அறுந்து நிற்கும் நிலை ஒன்று உண்டு. அந்த நிலையில் பிடித்தால் ஓரளவு மீட்கலாம் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

என் தொழிலின் கண்ணால் பார்த்தால் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. வளரும் மூளையில் தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவது மைக்ரோக்ளியாவின் இயல்பான வேலைகளில் ஒன்று. அதாவது அது மெய்ப்புத் திருத்துபவர். மெய்ப்புத் திருத்துபவருக்கே காய்ச்சல் கண்டால் சரியான வரியையும் அடித்துவிட்டுப் போவார். ஒப்புமைதான், ஆனால் "வைரஸ் மூளையைத் தின்கிறது" என்ற பயமுறுத்தலைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது.

வேகம் முதலில் போவதற்கும் காரணம் உண்டு. மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளிலும் முன்மூளை வெண்பகுதியிலும் இந்தச் சேதம் அதிகம். அசைவின் வேகம், கவனத்தைத் திருப்புதல், தானாக ஒன்றைத் தொடங்கும் ஊக்கம் ஆகியவை அங்கேதான் ஆளப்படுகின்றன. நியூயார்க்கில் பிராட்ஃபோர்ட் நேவியா, ரிச்சர்ட் பிரைஸ் முதலியோர் 1986-இல் இந்த நோயை விவரித்தபோதே, மறதியோடு மந்தமும் ஊக்கமின்மையும் கைகால் தடுமாற்றமும் சேர்ந்து வருவதைக் குறித்திருக்கிறார்கள். அதே 1986-இல்தான் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள்.

இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை வைரஸ். அதன் டாட் புரதத்தில் 31-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரீன் இருப்பதால், வெள்ளையணுக்களை இழுக்கும் திறன் அதற்குக் குறைவு என்று பெங்களூரைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவின் குழு 2004-இல் காட்டியது. இதைப் படித்த நாளில், ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் என்பதை என்னைவிட யார் அறிவார் என்று சிரித்துக்கொண்டேன். கடுமையான மூளைப் பாதிப்பு இங்கே குறைவாகவே பதிவானதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நுணுக்கமான சோதனைகளை நடத்தியபோது தென்னிந்திய நோயாளிகளிடமும் மந்தமும் நினைவுக் குறையும் வெளிப்பட்டன. சி வகை என்பதை நம்பி யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 1,555 பேரைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஏதோ ஒரு குறை தென்பட்டது. இந்த எண்ணைப் பார்த்து மிரண்டவர்களை எனக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி அன்றாட வாழ்வைத் தொடாத லேசான குறை. கடுமையான நிலையில் இருந்தோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. தொற்று இல்லாதவர்களிலேயே கணிசமானோரைக் குறையுள்ளவர் என்று காட்டும் அளவுகோல் அது என்ற விமர்சனமும் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

2013 இறுதியில் கூட்டு மருந்து தொடங்கினேன். அதில் இருந்த எஃபாவிரென்ஸ் முதல் மாதம் முழுவதும் இரவில் வண்ண வண்ணமாகக் கனவுகளைக் காட்டியது. பகலில் தலை மிதந்தது. மந்தத்தோடு இதுவும் சேரவே, மருந்துதான் மூளையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி நிறுத்தப் பார்த்தேன். கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர் தம்பி, "நிறுத்துறதுன்னா எங்ககிட்ட சொல்லிட்டு நிறுத்துங்கய்யா, மாத்தித் தரலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது. கனவு அடங்கியது. டொலுடெக்ராவிர் உள்ள இன்றைய மாத்திரைக்குப் பின்னர் மாற்றினார்கள். இதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும், காலையில் எடுத்துக்கொண்டால் தணியலாம் என்பதால், மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. கலவரம் தணியத் தணிய மூளை மெல்ல விழித்தது. ஆனால் இன்றைய மருந்துகள் புதிய செல்களில் வைரஸ் தொற்றாமல் தடுப்பவை. ஏற்கெனவே தொற்றிய செல்லின் மரபணுவுக்குள் எழுதப்பட்டுவிட்ட வைரஸ், டாட் புரதத்தை அவ்வப்போது உண்டாக்குவதை அவை நிறுத்துவதில்லை. பழைய வேகம் முழுவதும் திரும்பாததற்கு அதுவும், நான் வீணாக்கிய அந்த ஆண்டுகளும் காரணமாக இருக்கலாம். சி.டி.4 எண்ணிக்கை வாழ்நாளில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பது மூளைப் பாதிப்போடு தொடர்புள்ளது என்று படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓராண்டு கழித்து அதே சோதனையில் பத்தரை வாங்கினேன். மீதியை வேலை செய்யும் முறையை மாற்றிச் சரிக்கட்டினேன். படிக்கும் வரிக்குக் கீழே ஓர் எஃகு ஸ்கேலை வைத்து, அடுத்த வரியை மறைத்துக்கொள்கிறேன். எண்களை மனைவி மூலப் பிரதியிலிருந்து வாய்விட்டுப் படிக்க, நான் தாளில் சரிபார்க்கிறேன்; கண்ணும் காதும் சேர்ந்து செய்தால் தவறுவதில்லை. ராகு காலத்தை மட்டும் 365 தாளுக்கும் ஒரே மூச்சில், பிறகு எமகண்டத்தை மட்டும் என்று பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்தான் எனக்குச் சறுக்கல். கடினமான பக்கங்கள் காலை பதினொன்றுக்குள் முடிந்துவிட வேண்டும். செல்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிடுவேன். மாத்திரைக்குக் கிழமை எழுதிய ஏழறைப் பெட்டி. போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் அளந்துகொள்கிறேன், பீடியை விட்டேன். அண்ணாச்சியிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நரம்புக்கு மருந்து சாப்பிடுகிறேன், கூடுதல் நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன், கொடுத்தார். சொல்லத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தயக்கம் உள்ளவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கும் வரிசையில் பழக்கமான ஒருவர், பல ஆண்டுகள் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்தவர், திடீரென்று நடை தடுமாறி, பேச்சுக் குழறத் தொடங்கினார். ரத்தத்தில் வைரஸ் இல்லை என்ற அறிக்கையைக் காட்டி, இது மனக்கவலை என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பின்னர் முதுகு நீரை எடுத்துச் சோதித்தபோது அதில் வைரஸ் இருந்தது. ரத்தத்தில் அடங்கியிருந்தும் மூளை நீரில் தப்பி வளரும் இந்த நிலை, அடாசனாவிர்-ரிடோனாவிர் உள்ள இரண்டாம் கட்டச் சிகிச்சையில் இருந்தவர்களிடம் இந்தியாவிலிருந்தும் பதிவாகியிருக்கிறது. அவருக்கு மருந்தை மாற்றியதும் சில மாதங்களில் நடை திரும்பியது. ரத்த அறிக்கை நன்றாக இருக்கும்போது புதிதாகத் தலைவலி, நடைத் தடுமாற்றம், கை நடுக்கம், குழப்பம் வந்தால், முதுகு நீர்ப் பரிசோதனை தேவையா என்று நாமே கேட்கலாம். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாத்திரை வாங்கப் போகும் நாளுக்கு முந்தைய மாலை, மனைவி கடிகாரத்தைப் பார்த்து ஐந்து வினாடி எண்ண, நான் இடது கை விரல்களைத் தட்டுகிறேன். நான்கு சொற்களையும் அவளே ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வாள். போன முறை முருங்கை, கொலுசு, திருச்செந்தூர், மஞ்சள். கொலுசு மட்டும் குறிப்புக் கொடுத்த பின்தான் வந்தது. தட்டிய எண்ணிக்கையை என் மருந்துச் சீட்டுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு அவள் எழுதி வைக்கிறாள்: 9, 11, 13, 13, 12, 13, 14.